ஆம்புலன்ஸில் நான் ஆடிய கணக்கு விளையாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே இருந்தேன். காரணம் வெட்கம்தான், வேறொன்றுமில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வேலையில் இருந்த ஒருவன், சட்டைப் பையில் வீடியோ கேம் வைத்துக்கொண்டு திரிந்தான் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் வயதுக்கும் நரைக்கும் அது பொருந்துகிற காரியமா? ஆனாலும் இப்போது சொல்லியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் எல்லாரும் அதற்கென்று படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் அப்படி வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு தேறாமல், ஸ்பின்னிங் மில்லில் நூல் ஓட்டிக்கொண்டிருந்து, மில் மூடியபிறகு கோயமுத்தூர் பக்கம் துடியலூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸில் சேர்ந்தவன். அந்தக் காலத்தில் என்னைப் போன்றவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். வண்டியின் பின்பக்கம், நோயாளியோடு உட்கார்ந்து போவதுதான் என் வேலை. ஸ்ட்ரெச்சர் பிடிக்கவும், மாஸ்க் மாட்டவும், ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். கையால் செய்கிற வேலை எல்லாம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. தலையால் செய்கிற ஒன்றுதான் பிடிபடவில்லை.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு தலைமை நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அங்கிருந்து ஒரு பெரியவரை ஸ்கேன் எடுக்க வேறு இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றிவிட்டோம். அந்த அம்மா ஏறி வந்து சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தார்.

“இந்த சிலிண்டர் எத்தன நிமிஷம் வருமுங்க?”

“வருமுங்க சிஸ்டர்.”

“எத்தன நிமிஷம்?”

“போதுமான அளவு வருமுங்க.”

“போதும்ங்கறது சோத்துக்குச் சொல்றதுங்க. நான் நிமிஷம் கேட்டேன்.”

அவர் திட்டவில்லை. தானே இறங்கிப் போய் வேறு சிலிண்டர் கொண்டுவரச் சொல்லி மாட்டவைத்தார். கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சொன்னார்: “கணக்கு வராதது தப்பில்லீங்க. வராதப்ப, ‘வருமுங்க’ன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் தப்பு.”

அவர் பேரை நான் கேட்டதில்லை. சீருடையில் இருந்த பேரை வாசிக்கவும் அன்றைக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் அடுத்தமுறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு வழியைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வண்டியில் இருந்த அளவு சிலிண்டருக்கு, மீட்டர் முள் காட்டும் எண்ணோடு ஒரு சைபர் சேர்த்தால் உள்ளே இருக்கும் லிட்டர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறோமோ அதால் அதை வகுத்தால் நிமிடம். அவ்வளவுதான். உங்கள் வண்டியில் இருப்பது வேறு அளவாக இருக்கலாம், அதற்கு வேறு பெருக்கல் வரும். அதை உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

சொல்லிக்கொடுத்தது புரிந்தது. போடத்தான் வரவில்லை. உட்கார்ந்து காகிதத்தில் போட்டால் வரும். ஓடுகிற வண்டியில், சைரன் அலற, சொந்தக்காரர்கள் அழ, ஒரு கை மாஸ்க்கைப் பிடித்திருக்க, அறுநூறை எட்டால் வகு என்றால் என் தலைக்குள் கரண்ட் போய்விடும். செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறதே என்பீர்கள். போனை எடுக்க ஒரு கை வேண்டும், பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கையும் கண்ணும் நோயாளிக்கு உரியவை. நீங்களும் ஒருமுறை மேடு பள்ளத்தில் அதைச் செய்து பாருங்கள், பிறகு பேசலாம்.

சரி, தலைக்கணக்கைப் பழகிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். போனிலேயே ஏதோ ஒரு கணக்கு ஆட்டத்தை மகள் இறக்கிக் கொடுத்தாள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஸ்டாண்டில் நின்றபடி ஆடி ஆடி சார்ஜ் தீர்ந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு விபத்துக்கு வந்த அழைப்பு எனக்கு வரவில்லை. நம் தொழிலில் போன் என்பது கோயில் மணி மாதிரி. அதை விளையாட்டுக்குக் கொடுக்கக்கூடாது. அந்த அழைப்பு வேறு வண்டிக்குப் போய், அடிபட்டவரை நல்லபடியாக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

மகள் ஜெனிபர்தான் யோசனை சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துபாயில் இருந்த மாமன் வாங்கிவந்த ஒரு வீடியோ கேம், வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும். டப்பா மாதிரி மடித்து மூடலாம். அதில் ஒரு கணக்கு ஆட்டம் இருந்தது.

“அப்பா, இதுக்கு போன் வேண்டாம், நெட் வேண்டாம். மேல இருந்து கணக்கு உளுகும். கீழ இருக்கற கோட்டத் தொடறதுக்குள்ள விடைய எழுதிப்போடோணும். அவ்வளவுதான்.”

“தொட்டுட்டா?”

“செத்துப்போயிருவீங்க. அப்புறம் மறுபடியும் ஆடலாம்.”

மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “ஏனுங்க, ஜெபமாலை வெச்சிருக்கற பாக்கெட்டுலயே அதையும் வெக்கறீங்களே, நல்லாவா இருக்குது?” என்றாள். அவளுக்காக ஜெபமாலையை மேல்பையிலும் கேமைக் கால்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டேன். ஆனால் என் மனதில் இரண்டும் பகையாக இருந்ததே இல்லை. ஆண்டவர் புத்தியைக் கொடுத்திருக்கிறார். அதைத் தொடாமல் அவரையே கூப்பிட்டுக்கொண்டிருப்பது, சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தபிறகு ஊட்டியும் விடு என்று கேட்பதைப் போல. நான் வண்டி ஏறும்போது ஜெபிப்பேன், ஏறியபிறகு கணக்குப் போடுவேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஸ்டாண்டில் இதை வைத்து நடந்த கிண்டலுக்கு அளவில்லை. எங்கள் வண்டியின் டிரைவர் நாச்சிமுத்து, என்னைவிட இளையவர், வாய் மட்டும் மூத்தது. நான் கேமைத் திறந்தால் போதும், டீ கிளாஸோடு வந்து தோள்மேல் எட்டிப்பார்ப்பார்.

“என்னங்ணா, இன்னும் ரெண்டாங் கிளாஸ்தானா?”

“ஏழு எட்டு வாய்ப்பாடுதான் இடிக்குது, நாச்சி.”

“உளுந்துபோச்சு, உளுந்துபோச்சு! அம்பத்தாறுங்ணா! அட கெரகமே, செத்துப் போனீங்க பாருங்க. நல்லவேளை பொம்மையா இருக்கவும் பொழச்சீங்க.”

கிண்டல் செய்தவரே பிறகு வாங்கி ஆடத் தொடங்கினார். அவரும் செத்தார். எனக்குப் பரம திருப்தி.

மெதுவாகப் பிடிபட்டது. முதலில் கூட்டல் கழித்தல், அப்புறம் பெருக்கல், அப்புறம் வகுத்தல். ஒரு வருடம் போனபோது எனக்கே தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. விடையைத் தேடிப் போகவேண்டியதில்லை, விடை தானாக வந்து நின்றது. பஸ் நம்பரைப் பார்த்தால் மூன்றால் வகுபடுமா என்று மனம் பார்க்கும். பூசையில் பாட்டு எண்ணைப் பலகையில் பார்த்தால் பாதியாக்கிப் பார்க்கும். இதற்காக அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் செய்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், எங்கள் நோயாளியை உள்ளே விட்டுவிட்டுக் காகிதங்களுக்காகக் காத்திருந்தோம். நான் சுவரோரம் உட்கார்ந்து கேமைத் திறந்தேன். அன்றைக்குப் பார்த்து, அதுவரை ஏறாத படியில் ஏறிவிட்டேன். ஏறினால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. எக்காளம் மாதிரி ஒரு பாட்டு, அதைத் தொடர்ந்து நூறு பேர் கைதட்டுகிற சத்தம். வராந்தா முழுக்கக் கேட்டது.

எதிரே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அதில் ஒருவர் திரும்பி நேராக என்னிடம் வந்து சட்டைக் காலரைப் பிடித்தார்.

“உள்ள எங்கம்மா இழுத்துக்கிட்டுக் கெடக்கறா. உனக்குக் கைதட்டு கேக்குதாடா?”

நாச்சிமுத்து ஓடிவந்து, “அண்ணா, அண்ணா, விடுங்க. அது வெளையாட்டில்லீங்க, கணக்குங்க” என்றார்.

“கணக்கா? எங்ககிட்ட எத்தன புடுங்கலாம்னு கணக்கா?”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மனிதர் காலரை விட்டுவிட்டுச் சுவரில் தலையை வைத்து அழுதார். நான் வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

நான் எதற்காக அதை ஆடினேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு நம் முகமும் நம் கையும்தான் தெரியும், நம் எண்ணம் தெரியாது. சிரிக்கிற முகமும் விளையாடுகிற கையும் அங்கே ஆகாது, காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். அந்த வாரம், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லி, “அத விட்டுப்போடட்டுமாங்க சாமி?” என்று கேட்டேன். எங்கள் பங்குச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தும் எனக்குத் தெரிந்தது. “சத்தத்த விட்டுடுங்க. கணக்க விடாதீங்க” என்றார். அன்றிலிருந்து சத்தத்தை அணைத்து, வண்டியின் முன் சீட்டில் மட்டும், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆடினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு உடுமலைக்கு ஒரு நோயாளியை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். வழியில் ஒரு சிலிண்டர் முழுக்கச் செலவாகிவிட்டது. மற்றொன்று பாதிக்குச் சற்று மேல் இருந்தது. வெறும் வண்டியாகப் பொள்ளாச்சி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பொள்ளாச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டிய ஒரு தென்னந்தோப்புக்காரரை உடனே கோயமுத்தூர் கொண்டுபோக வேண்டும், அங்கே பெரிய டாக்டர் காத்திருக்கிறார், வேறு வண்டி கிடைக்கவில்லை என்றார்கள்.

அங்கே போய் நின்றதும் நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். எண்பது. எண்ணூறு லிட்டர். டாக்டர் எழுதியிருந்தது நிமிடத்துக்குப் பத்து லிட்டர். எண்பது நிமிடம் வரும். ஞாயிறு மதியம் ஒரு மணி நேர ஓட்டம். அந்த ஆஸ்பத்திரியில் கூடுதல் சிலிண்டர் கேட்டேன். அவர்களிடம் இருந்தது ஆளுயரச் சிலிண்டர்தான், நம் வண்டியில் ஏறாது. இருபது நிமிடம் கையில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அந்த முடிவு சரியான முடிவு. இன்றைக்கும் அதையே எடுப்பேன்.

நோயாளியோடு அவருடைய மகள் ஏறினாள். கல்யாணமாகிப் பவானியில் இருப்பவள், தகவல் கேட்டு விடியலில் ஓடிவந்தவள். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அண்ணா, எங்கப்பா நல்லாயிருவாருங்களா?” என்று கேட்டாள். நான் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு, “நாம ஆஸ்பத்திரிக்குப் போற வேலையப் பார்ப்போம் அம்மணி” என்றேன். அவள் தலையாட்டினாள்.

கிணத்துக்கடவை நெருங்கும்போது அவருக்கு மூச்சு மோசமானது. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் இறங்கியது. போன் போட்டுக் கோயமுத்தூர் டாக்டரிடம் சொன்னேன். “பதினஞ்சுக்கு ஏத்துங்க, கொறைக்காதீங்க” என்றார். ஏற்றினேன். எண் நின்றது, கொஞ்சம் ஏறியது. அவருடைய நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. மகள் மூச்சு விட்டாள்.

நான் முள்ளைப் பார்த்தேன். அறுபது. அறுநூறு லிட்டர். பதினைந்தால் வகுத்தால் நாற்பது.

யோசிக்கவேண்டியிருக்கவில்லை, தானாக வந்து நின்றது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னால் கேட்டேன்.

“ரோடு நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஒரு நாப்பது நிமிஷத்துல எறக்கிப்போடலாம்.”

நாற்பதுக்கு நாற்பது.

இங்கே நான் உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. அந்தக் கேமில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு மேலே இருக்கும்போதே விடை எழுதினால் குறைந்த புள்ளி. கோட்டைத் தொடப்போகிற நேரத்தில், மயிரிழையில் எழுதினால் அதிகப் புள்ளி. ஏறஏற எனக்கு அந்த ருசி பிடித்திருந்தது. விடை தெரிந்திருந்தும், அது கீழே வரட்டும் வரட்டும் என்று விரலை நிறுத்திவைப்பேன். அன்றைக்கு அந்த வண்டிக்குள் அதே ருசி என் நெஞ்சில் எழும்பியது. ‘சரியாக இருக்கிறது, போய்விடலாம்’ என்று உள்ளே ஒருவன் சொன்னான். பயத்தோடு சொல்லவில்லை, சந்தோஷமாகச் சொன்னான். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் பயந்தேன். அந்தப் பொம்மை எனக்கு வகுத்தலைச் சொல்லிக்கொடுத்தது உண்மை. கூடவே வேறொன்றையும் நான் கேட்காமலே சொல்லிக்கொடுத்திருந்தது.

அதில் கோட்டைத் தொட்டால் மறுபடியும் ஆடலாம். என் முன்னால் படுத்திருந்தவருக்கு அது கிடையாது.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருப்பது எனக்குத் தெரியும். “நாச்சி, அடுத்த பிரிவுல உள்ள திருப்பு. சிஸ்டர்மாருகிட்ட சிலிண்டர் கேட்போம்” என்றேன்.

“அண்ணா, உள்ள போயி வெளிய வந்தா கால்மணி நேரம் போயிருமுங்களே!”

“போகட்டும்.”

மகள் எழுந்தே விட்டாள். “எதுக்கு நிறுத்தறீங்க? வேண்டாமுங்க! பெரிய டாக்டரு காத்துக்கிட்டு இருக்கறாரு. நேரா போங்க!”

“அம்மணி, இந்த முள்ளப் பாருங்க. இதுல நாப்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்குது. ரோடும் நாப்பது நிமிஷம்.”

“சரியா இருக்குதில்ல? அப்பறம் என்னங்க?”

“சரியா இருக்கறதுதானுங் அம்மணி எனக்குப் பயமா இருக்குது.”

“எங்கப்பனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள நான் சும்மா உடமாட்டேன். சொல்லிப்போட்டேன்.”

“உடாதீங்க. ஆனா இப்ப நான் நிறுத்தித்தான் ஆவேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவளுடைய சம்மதத்துக்காக நான் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லவேண்டியது நம் கடமை, சொன்னேன். ஆனால் முடிவின் பாரத்தை அழுதுகொண்டிருக்கிற மகளின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அது நம் தோளுக்குரியது.

உள்ளே போனோம். மதியச் செபம் முடிந்து வந்த ஒரு வயதான சிஸ்டர் படியில் நின்றார். நான் இறங்காமலே கதவைத் திறந்து சொன்னேன். மாஸ்க் போட்டிருந்தவரையும் மகளையும் ஒரு தரம் பார்த்தார்.

“எங்ககிட்ட இந்த அளவுல உபரியா ஒண்ணுதான் இருக்கு” என்றார்.

“உள்ள பிரசவம் ஏதாச்சும் இருக்குதுங்களா சிஸ்டர்?”

“ஒரு பொண்ணு வலியில இருக்கா. பிரசவ அறையில பெரிய சிலிண்டர் மாட்டியிருக்கு, போன வாரம் வந்தது, நெறையா இருக்கு. இது உபரிதான். எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா வெளக்கு வைக்கறதுக்குள்ள ரொப்பி இங்க வந்து சேரணும். கேட்டீங்களா?”

“மாதா சத்தியமாங்க சிஸ்டர்.”

“சத்தியமெல்லாம் வேண்டாம். வந்து சேருங்க.”

அதன் முள் எழுபதில் இருந்தது. பதினைந்தால் போனால் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் வரும். ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நாச்சிமுத்து கேட்டுக்குள் வந்ததற்கும் வெளியே போனதற்கும் நடுவில் இன்ஜினை அணைக்கவே இல்லை. மகள் அப்பாவின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஈச்சனாரி வரை பறந்தோம். அதைத் தாண்டியதும் வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் எங்கேயோ ஒரு லாரி நடு ரோட்டில் நின்றுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை என்று நாங்கள் நம்பியிருந்தோம். லாரிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? சைரன் அடித்தோம், ஜனங்கள் ஒதுங்கப் பார்த்தார்கள், ஒதுங்க இடமில்லை. பைக்கில் வந்தவர்கள் இறங்கி முன்னால் ஓடிக் கார்களைத் தட்டித் தட்டி வழி கேட்டார்கள். நம் ஊர் ஜனங்களை நான் எப்போதும் மெச்சுவேன், அன்றும் மெச்சினேன். ஆனாலும் அடி அடியாகத்தான் நகர்ந்தோம்.

ஆத்துப்பாலம் வரும் முன்பே எங்கள் சிலிண்டரின் முள் கீழே இறங்கிவிட்டது. அது படுக்கும்வரை காத்திருக்கவில்லை. சிஸ்டரின் சிலிண்டரை மாட்டினேன். காற்று சீறுகிற சத்தம் கேட்டது. மகள் நிமிர்ந்து முதலில் கழற்றியதைப் பார்த்தாள், அப்புறம் மாட்டியதைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் வழியாக, நகராமல் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாள். மாஸ்க்கின் ஓரத்தை நான் பிடித்திருந்த கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கியபோது, இரண்டாவது சிலிண்டரில் இன்னும் காற்று இருந்தது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. அதுதான் நல்ல கணக்கு. அன்று சாயந்திரமே சிலிண்டரை நிரப்பிக்கொண்டு திரும்பவும் போனோம். சிஸ்டர் படியில் வந்து, “பொண்ணு கொழந்த” என்றார். வலியில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

அந்தத் தோப்புக்காரர் பிழைத்தார். சில வாரம் கழித்து வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டதும் நாங்கள்தான். முன் சீட்டில் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். மகள் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, “அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேனுங்ணா” என்றாள். “இன்னும் நாலு வார்த்த பேசியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனுங் அம்மணி” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது, இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றபிறகு, சமீபத்தில் ஒரு நாள் துடியலூரில் பழைய ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், நீலச் சட்டை, நல்ல சுறுசுறுப்பு, கூட இருந்தவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

“முன்னால இங்க ஒரு கேம் அண்ணன் இருந்தாராமுங்க. வண்டியில நாப்பது நிமிஷத்துக்குக் காத்து, ரோடு நாப்பது நிமிஷம். எல்லாரும் நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்கறாங்க. மனுசன் அசையலியாம். கணக்கு சரியா இருக்குது, போன்னு சொல்லி, ஆஸ்பத்திரி வாசல்ல முள்ளு சைபர்ல நிக்க எறக்கிப்போட்டாராமுங்க! அப்படி இருக்கோணுமுங்க ஆளுன்னா!”

கேட்டவர்கள் எல்லாரும் “ஆகா” என்றார்கள். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொன்னேன்.

“கண்ணு, அது நான்தான். ஆனா அப்படி நடக்கல. நான் நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி யாரும் கத்தல, போ போன்னுதான் கத்தினாங்க. எறவல் சிலிண்டர் வாங்கிக்கிட்டுப் போனேன்.”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது.

“அப்ப... நிறுத்திட்டீங்களாண்ணா?” என்றாள். அவ்வளவுதானா என்று அவள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனால் கண் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து ஜெபம் செய்யவும் மனம் நிற்கவில்லை. கதையை மாற்றியவர்கள் கெட்ட எண்ணத்தில் மாற்றியிருக்க மாட்டார்கள். என்னைப் பெரிய ஆளாக்கவே மாற்றியிருப்பார்கள். வாய்க்கு வாய் போகும்போது இரவல் சிலிண்டர் உதிர்ந்திருக்கும், சிஸ்டர் உதிர்ந்திருப்பார், லாரி உதிர்ந்திருக்கும். கடைசியில் மிஞ்சியது என் உள்ளே இருந்து ‘போய்விடலாம்’ என்று சொன்னானே, அவன் கதைதான். அவன் பேச்சைக் கேட்டிருந்தால், அந்த மகள் ஆத்துப்பாலத்துக்குப் பக்கத்தில், நகராத வண்டிகளுக்கு நடுவில், தன் தகப்பனைப் பறிகொடுத்திருப்பாள். நாளைக்கு அந்த நீலச் சட்டைப் பெண்ணின் வண்டியிலும் நாற்பதுக்கு நாற்பது வரும். அப்போது அவள் காதில் எந்தக் கதை கேட்கும்?

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். கேமைப் பற்றியும் சொல்லுங்கள், எனக்கு இனி வெட்கமில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள். மாதா முள்ளைப் பிடித்து நிறுத்தினாள் என்றும் சொல்லவேண்டாம். அவள் எனக்குச் செய்தது அதைவிடப் பெரியது, பிரிவில் வண்டியைத் திருப்பச் சொல்லும் வாயைக் கொடுத்தாள். கதை நீளமாக இருக்கிறது, சுருக்க வேண்டும் என்று தோன்றினால் எதை வேண்டுமானாலும் வெட்டிவிடுங்கள். நான் நின்றதை மட்டும் வெட்டாதீர்கள்.